எட்டு இரவுகளில் ஐரோப்பா: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: நானும் மனைவியும் 66 வயதான என் அம்மாவும் வரும் செப்டம்பரில் முதன்முறையாக ஐரோப்பா செல்ல விரும்புகிறோம். விமானப் பயணம் போக எட்டு இரவுகள் மட்டுமே அங்கே தங்க முடியும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முழங்கால் வலியும் உண்டு. மனைவி ஓவியம் பயின்றவர். எனக்கு ரோமானிய வரலாற்றில் ஈடுபாடு. மறுபடி எப்போது போவோம் என்று தெரியாததால் எதையும் விட மனம் வரவில்லை. குழுச் சுற்றுலாவில் சேர்வதா, நாங்களே ஏற்பாடு செய்துகொள்வதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பயணத் திட்டமிடலைத் தொழிலாகச் செய்து வரும் எனக்கு அதிகம் வரும் கடிதங்களில் உங்களுடையதும் ஒரு வகை. ஆனாலும் பலர் எழுதாத ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: மூவரில் யாருக்கு எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். பனிமலை, ஓவியம், ரோம் ஆகிய மூன்றும் உங்கள் குடும்பத்தின் விருப்பங்கள். பட்டியலில் உள்ள பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், வெனிஸ் ஆகிய நான்கு ஊர்களையும் நீங்கள் ஏன் சேர்த்தீர்கள் என்பதற்குக் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. ஐரோப்பா என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர்கள் என்பதால் அவை உள்ளே வந்திருக்கலாம். எட்டு இரவுகளுக்குள் திட்டமிடும்போது, காரணம் சொல்ல முடிந்த ஊருக்கு மட்டுமே இடம் கொடுக்க முடியும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆறு ஊர்கள் ஏன் இயலாது என்பதை ஒரே ஒரு நாளை வைத்துப் பார்ப்போம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அதிவேக ரயில் ஏறக்குறைய 3 மணி 20 நிமிடத்தில் போய்விடும். காகிதத்தில் பார்த்தால் அரை நாளுக்கும் குறைவு. ஆனால், பத்தரை மணி ரயில் என்று வைத்துக்கொண்டால், எட்டரை மணிக்குள் காலை உணவை முடித்து, பெட்டிகளைக் கட்டி, ஹோட்டல் அறையை ஒப்படைத்தாக வேண்டும். மெட்ரோ நிலையப் படிகளில் மூன்று பெட்டிகளையும், முழங்கால் வலியுள்ள அம்மாவையும் இறக்கி ஏற்றி, பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தில் நடைமேடை எண் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்போது மணி இரண்டை நெருங்கியிருக்கும். ஐரோப்பிய ஹோட்டல்கள் பலவற்றில் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே வந்து சாப்பிட்டு முடிக்கும்போது நாலு மணி ஆகிவிடும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். மூன்று மணி நேர ரயில் ஒரு முழு நாளை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. ஆறு ஊர்களுக்கு ஐந்து மாற்றங்கள். எட்டு இரவுகளில் ஐந்து பகல்கள் அதிலேயே போய்விட்டால், பார்ப்பதற்கென்று எஞ்சுவது மிகக் குறைவு.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றே தங்குமிடங்கள்: சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரில் மூன்று இரவுகள், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இரண்டு இரவுகள், ரோமில் மூன்று இரவுகள். விமானத்தில் சூரிக்கில் இறங்கி ரோமிலிருந்து திரும்புங்கள். போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறொன்று என்று ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். விமான நிறுவனங்களின் இணையதளங்களில் பல நகரப் பயணம் என்ற தேர்வில் இது கிடைக்கும். சாதாரண இருவழி டிக்கெட்டைவிட இதன் விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதற்கான ரயில் கட்டணத்தையும் ஒரு பகலையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலும் இதுவே லாபம்.

பயணத்தைச் சனிக்கிழமையன்று சூரிக்கில் இறங்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். கிழமையைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபிளாரன்ஸில் உஃபிசி ஓவியக் கூடத்துக்கும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை உள்ள அக்காடெமியா கூடத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ரோமில் வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, அன்று அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. சனிக்கிழமை இறங்கினால் சனி, ஞாயிறு, திங்கள் இரவுகள் லுசெர்னிலும், செவ்வாய், புதன் ஃபிளாரன்ஸிலும், வியாழன், வெள்ளி, சனி ரோமிலும் கழியும்; இந்த விடுமுறை நாள்களில் ஒன்றுகூட உங்கள் வழியில் குறுக்கிடாது. ஞாயிறன்று சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆனால் மலை ரயிலுக்கும் ஏரிப் படகுக்கும் ஞாயிறு விடுமுறை இல்லை.

லுசெர்னில் தொடங்கச் சொல்வது அம்மாவை மனத்தில் வைத்துத்தான். நீண்ட விமானப் பயணத்துக்கும் நேர மாற்றத்துக்கும் பிறகு முதல் நாளில் யாருக்கும் உடம்பு ஒத்துழைக்காது; அப்போது ரோம் போன்ற பெருநகரின் நெரிசலில் இறங்குவதைவிட, ஏரிக்கரையில் நடந்து ஓய்வெடுக்கக்கூடிய சிறு நகரம் நல்லது. சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. லுசெர்னுக்கு நேரடி ரயிலில் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஹோட்டல் எடுங்கள். படகுத்துறையும் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

மூன்று இரவுகள் என்று நான் வைத்ததற்குக் காரணம் மேகம். ஆல்ப்ஸ் மலையில் எந்த நாள் திறந்த வானமாக இருக்கும் என்று மாதங்களுக்கு முன்பே சொல்ல முடியாது. இரண்டு முழு நாள்கள் கையில் இருந்தால், தெளிவாக இருக்கும் நாளை மலைக்கும் மற்றதை ஏரிக்கும் ஒதுக்கலாம். செப்டம்பரிலும் உறுதியாகப் பனியைக் காண வேண்டுமென்றால் டிட்லிஸ் மலைக்குப் போங்கள். லுசெர்னிலிருந்து எங்கல்பெர்க் வரை ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால், கடைசிப் பகுதியில் அந்தப் பெட்டியே மெல்லச் சுழன்று எல்லாப் பக்கமும் காட்டியபடி 3,000 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் விடும். அம்மா படியேற வேண்டிய தேவை மிகக் குறைவு. பயண நாளன்று காலையில் மலையுச்சியின் நேரலைக் கேமராவை ஹோட்டலிலிருந்தே பாருங்கள். திரை முழுவதும் வெள்ளையாக இருந்தால் டிக்கெட் வாங்காதீர்கள். கீழே லுசெர்னில் வெயில் அடிப்பதை நம்பி மேலே போய், கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாமல் திரும்பியவர்கள் பலர். உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால், அம்மாவுக்கு இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான சிக்கல் ஏதும் இருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

மருத்துவர் வேண்டாம் என்றால் வருந்தத் தேவையில்லை. ரிகி என்னும் மலை 1,800 மீட்டரை ஒட்டிய உயரம்தான். அதன் உச்சியிலிருந்து பனி மூடிய சிகரங்கள் வரிசையாகத் தெரியும். லுசெர்னிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் விட்ஸ்னாவ் சென்று, அங்கே பற்சக்கர ரயிலில் ஏற வேண்டும். 1871-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில். என்னைக் கேட்டால், படகும் ரயிலும் சேர்ந்த இந்த ஒரு நாள் டிட்லிஸுக்குச் சற்றும் குறைந்ததல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பேருந்து, படகுச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸை வாங்கினால் ரிகி ரயிலும் ஏரிப் படகும் அதிலேயே அடங்கும். டிட்லிஸுக்குப் பாதிக் கட்டணம். மூன்று நாள்களுக்கான பாஸின் விலையையும் தனித்தனி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சுவிட்சர்லாந்தின் நாணயம் யூரோ அல்ல, ஃபிராங்க் என்பதையும் மறக்க வேண்டாம். கார்டில் பணம் செலுத்தும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால், அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும்.

செவ்வாயன்று லுசெர்னிலிருந்து மிலான் வழியாக ஃபிளாரன்ஸுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேர ரயில் பயணம். இந்தத் திட்டத்தில் நீண்ட பயணம் இது ஒன்றுதான். ஆல்ப்ஸின் அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்டு சுரங்கப் பாதை அந்த வழியில்தான் இருக்கிறது. மிலானில் வண்டி மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இத்தாலியின் அதிவேக ரயில்களில் முன்கூட்டி வாங்கினால் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த மலிவான டிக்கெட்டுகளில் பலவற்றை மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ முடியாது என்பதால், விசா கையில் வந்த பிறகு வாங்குங்கள்.

ஃபிளாரன்ஸில் கிடைக்கும் ஒரே முழு நாளான புதன்கிழமையை உங்கள் மனைவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். உஃபிசியில் காலையில் திறக்கும் நேரத்துக்கே முன்பதிவு செய்தால், போத்திச்செல்லியின் வீனஸ் ஓவியங்களுக்கு முன் கூட்டம் திரள்வதற்குள் நின்று பார்க்கலாம். ஓவியம் பயின்றவருக்கு அங்கே மூன்று மணி நேரம் போதாது. பழக்கமில்லாதவருக்கு ஒன்றரை மணி நேரத்திலேயே கால் ஓய்ந்துவிடும். மூவரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். நீங்களும் அம்மாவும் முக்கியமான சில அறைகளைப் பார்த்துவிட்டு வெளியே சதுக்கத்தில் அமர்ந்திருக்கலாம். மனைவி தம் விருப்பம்போல் பார்த்துவிட்டு வரட்டும். கூடங்கள் மேல்தளத்தில் இருந்தாலும் லிஃப்ட் உண்டு. ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு மட்டும் 463 படிகள், லிஃப்ட் கிடையாது. அது அம்மாவுக்கு ஏற்றதல்ல.

ஃபிளாரன்ஸிலிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரம்தானே, காலையில் போய் மாலையில் வந்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வெனிஸில் நடப்பதென்றால் படி வைத்த பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதுதான். அம்மாவின் முழங்காலுக்கு அது தண்டனையாகிவிடும். மனைவிக்கோ ஃபிளாரன்ஸின் ஒரே நாளும் பறிபோகும்.

வியாழன் காலை புறப்பட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ரோம். அன்று மாலை பாந்தியன் என்னும் பழைய ரோமானியக் கோயிலைப் பாருங்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கட்டி முடித்த அதன் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கும் அதிகம். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகில் அதுவே பெரியது. வரலாற்று ஈடுபாடுள்ள நீங்கள், அதன் உச்சித் துளை வழியாக விழும் வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை வாடிகன். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமெடுக்க அனுமதி இல்லை. அருங்காட்சியகத்தில் நடக்க வேண்டிய தொலைவு மிக அதிகம் என்பதால், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளத் தயங்காதீர்கள். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு லிஃப்ட் உண்டு என்று சொல்வார்கள். லிஃப்டை விட்டு இறங்கிய பிறகும் 320 படிகள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை உங்களுக்கு. கொலோசியத்தின் டிக்கெட்டில், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பாலத்தைன் குன்றும் சேர்ந்தே வரும். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பயண நாளுக்கு 30 நாள் முன்னதாக விற்பனை தொடங்கும். நல்ல நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். விற்பனை தொடங்கும் தேதியை இப்போதே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். தவறவிட்டால் இடைத்தரகர்களிடம் பல மடங்கு விலை கொடுக்க நேரிடும். கொலோசியத்தினுள் லிஃப்ட் உண்டு. ஃபோரத்தின் பழைய கல் பாதைதான் மேடும் பள்ளமுமாக இருக்கும்; அங்கே காலையில், வெயில் ஏறும் முன் போவது நல்லது.

இனி விசா. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையென்றாலும், தமக்குள் பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே இரு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. முதலில் இறங்குவது சூரிக் என்றாலும், ஐந்து இரவுகள் இத்தாலியில் என்பதால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது இத்தாலியிடம்தான். நாள்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள்கள் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்கள் வரை ஆகலாம். செப்டம்பர் பயணத்துக்கு மார்ச் மாதமே வழி திறந்துவிடுகிறது. கோடைக்கால நெரிசலில் நேர்காணல் நேரமே கிடைக்காமல் போகும் என்பதால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும்; அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதிக் காப்பீடு எடுங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

சூரிக்குக்கு நேரடி விமானம் கிடைக்காமல், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற வேறொரு ஷெங்கன் நகரில் மாற வேண்டியிருந்தால், குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்கிறார்கள் என்பதால் வரிசை நகர நேரமாகும். இரு விமானங்களுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்குமாறு டிக்கெட் எடுங்கள்.

குழுச் சுற்றுலாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பெட்டியைத் தூக்குவதும் வழி தேடுவதும் இல்லாதது வயதானவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் எட்டு இரவுகளில் ஆறு நாடுகள் என்ற குழுப் பயணத்தில் பெரும்பகுதிப் பொழுது பேருந்திலேயே கழியும். ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பதால், வழியில் நிற்கும் நேரமும் அதில் சேரும். சேர்வதானால், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை இரவுகள், ஹோட்டல் நகர மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு, கொலோசியம் போன்ற இடங்களுக்கு உள்ளே அழைத்துச் செல்வார்களா அல்லது வெளியில் நின்று படமெடுப்பதோடு சரியா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் மேலே சொன்ன திட்டம் ரயிலில் இரண்டே இடமாற்றங்கள் கொண்டது. உங்களைப் போல இத்தனை கவனமாகக் கடிதம் எழுதக்கூடியவர் அதைத் தாமே நடத்திவிடலாம்.

பாரிஸை விட்டுவிட்டது உங்களுக்கு மனக்குறையாக இருக்கும் என்பதை அறிவேன். வீட்டில் மூவரும் கலந்து பேசி, பாரிஸ் இல்லாமல் முடியாது என்ற முடிவுக்கு வந்தால், லுசெர்னையும் ஃபிளாரன்ஸையும் விட்டுவிட்டு, பாரிஸில் நான்கு இரவுகள், ரோமில் நான்கு இரவுகள், நடுவே ஏறக்குறைய இரண்டு மணி நேர விமானம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மனைவிக்கு லூவர், ஓர்சே ஆகிய கலை அருங்காட்சியகங்கள் கிடைக்கும். முன்னதற்குச் செவ்வாயும் பின்னதற்குத் திங்களும் விடுமுறை. இரவுகள் சரிசமமாக வருவதால் அப்போது விசாவுக்குப் பிரான்ஸிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்தத் திட்டத்தில் பனிமலை இல்லை என்பதை மட்டும், முடிவெடுக்கும் முன் அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.